தமிழ்வழியில் படித்தவர்கள் எம்.பி.பி.எஸ். பாடங்களைக் கற்பது எப்படி

தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டு வருகிறது. இதன் வழியாக ஆண்டுதோறும் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். நீட் தேர்வையும் தமிழிலேயே எழுதியவர்கள். முதல் வாரத்திலேயே அவர்கள் ஒரு திகைப்பைச் சந்திக்கிறார்கள். விரிவுரை ஆங்கிலத்தில், பாடநூல் ஆங்கிலத்தில், தேர்வு ஆங்கிலத்தில், பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் பேச்சும் ஆங்கிலத்தில். இந்த வழிகாட்டி முதன்மையாக அவர்களுக்காக எழுதப்படுகிறது; ஆங்கிலவழியில் வந்தவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பயன்படும். ஏனெனில் முதலாண்டில் பின்தங்குகிறவர்களைக் கவனித்துப் பார்த்தால், மொழியைக் காட்டிலும் படிக்கும் முறையே அவர்களைக் கீழே இழுக்கிறது. விடையைப் பலமுறை வாசித்து, அப்படியே தாளில் இறக்கி வைக்கும் பள்ளிப் பழக்கம் இங்கே மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை.

படிப்பின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாடங்களுக்கு நான்கரை ஆண்டுகள், அதன் பிறகு ஓராண்டு கட்டாயச் சுழற்சிமுறைப் பயிற்சி. முதல் கட்டத்தில் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்று பாடங்கள். இரண்டாம் கட்டத்தில் நோய்க்குறியியல், மருந்தியல், நுண்ணுயிரியல். மூன்றாம் கட்டம் இரண்டு பகுதிகளாக நடக்கும். சமூக மருத்துவம், சட்டம் சார்ந்த மருத்துவம் போன்றவற்றில் தொடங்கி, பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகியவற்றில் முடியும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, முதலாண்டுப் பாடங்களைத் தேறுவதற்கு நான்கு வாய்ப்புகளுக்கு மேல் கிடையாது. படிப்பு முழுவதையும் ஒன்பது ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். விரிவுரைகளுக்கு 75 விழுக்காடும் செய்முறைகளுக்கு 80 விழுக்காடும் வருகைப்பதிவு இல்லாமல் தேர்வு எழுத முடியாது. இந்த எண்களைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்ற எண்ணத்துக்கு இந்தப் படிப்பில் இடம் மிகக் குறைவு என்பதை முதல் நாளிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது.

மொழித்தடையைக் கடப்பது

மருத்துவ ஆங்கிலம் என்பது பேச்சு ஆங்கிலமன்று. அதன் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, இலத்தீன் வேர்களிலிருந்து கட்டப்பட்டவை. ஆங்கிலவழியில் படித்தவருக்கும் அவை புதியவையே. இந்த ஓர் இடத்தில் எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறீர்கள். ஆகவே சொற்களை முழுதாக மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் படியுங்கள். 'ஹெப்பாட்' என்று வந்தால் கல்லீரல், 'நெஃப்ர்' என்றால் சிறுநீரகம், 'கார்டி' என்றால் இதயம், 'ஆஸ்டி' என்றால் எலும்பு. இறுதியில் 'ஐட்டிஸ்' இருந்தால் அழற்சி, 'எக்டமி' இருந்தால் அறுத்து அகற்றுதல், 'ஆஸ்டமி' இருந்தால் திறப்பு உண்டாக்குதல். ஹெப்பட்டைட்டிஸும் நெஃப்ரெக்டமியும் அந்த நொடியில் விளங்கிவிடும். இதுவரை கேள்விப்படாத சொல்லைக்கூடப் பாதி ஊகிக்க முடியும். இப்படி ஒரு நூறு வேர்களைச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டால், முதல் உள்தேர்வு வருவதற்குள் பாடநூலின் பக்கங்கள் பழகிய முகங்களாகத் தெரியத் தொடங்கும்.

அடுத்தது, கருத்தைத் தமிழிலேயே புரிந்துகொள்ளுங்கள். மேல்நிலை வகுப்பு உயிரியல் நூல்களைப் பழைய புத்தகக் கடையில் போட்டுவிடாதீர்கள். நாளை விரிவுரையில் இதயச் சுழற்சி வரப்போகிறது என்றால், இன்றிரவு அந்தத் தமிழ்ப் பாடத்தை ஒருமுறை வாசித்துவிட்டுச் செல்லுங்கள். வகுப்பில் ஒவ்வொரு வாக்கியத்தையும் பின்தொடர முடியாவிட்டாலும், பேராசிரியர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பது தெரிந்திருக்கும். பிறகு அறைக்கு வந்து, புரிந்ததை ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியங்களாக உரக்கச் சொல்லிப் பாருங்கள். வாசிப்பதும் எழுதுவதும் மட்டும் போதாது. வாய்மொழித் தேர்வில் பல மாணவர்கள் தடுமாறுவதற்குக் காரணம் அறியாமை அன்று; அந்தச் சொற்களைத் தம் வாயால் ஒருமுறைகூட உச்சரித்துப் பாராததே காரணம். விடுதியில் இருவர் மூவராகச் சேர்ந்து, இரவு உணவுக்குப் பிறகு அரைமணி நேரம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். இலக்கணப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 'இந்த நரம்பு இந்தத் தசைக்குச் செல்கிறது, அறுபட்டால் இந்த அசைவு நின்றுபோகும்' என்பதை ஐந்து ஆங்கிலச் சொற்களில் சொல்ல முடிந்தால் தேர்வாளர் நிறைவடைவார். எழுத்துத் தேர்விலும் அப்படியே: சிறிய வாக்கியம், பெயரிட்ட படம், வரிசையான உட்தலைப்பு.

தமிழில் சிந்திப்பது மருத்துவத்துக்குப் பொருந்தாது என்று யாரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவராகப் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறியலும் அறுவை மருத்துவமும் நம் மொழியில் சொல்லித்தரப்பட்டவைதாம். இன்று தேர்வு ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலம் கட்டாயம் தேவை. ஆனால் புரிதல் எந்த மொழியில் விரைவாக வருகிறதோ அந்த மொழியில் வரட்டும்.

டிசெக்ஷன் ஹாலில்

முதலாண்டின் பெரும்பகுதி நேரத்தை உடற்கூறியல் எடுத்துக்கொள்ளும். அந்தப் பாடத்தின் உயிர், இறந்தவர் உடலை அறுத்துப் பார்த்துக் கற்கும் கூடமான டிசெக்ஷன் ஹாலில்தான் இருக்கிறது. அங்கே மேசைமீது இருப்பது ஒரு மனிதர் தம் வாழ்நாளுக்குப் பின் உங்கள் கல்விக்காக விட்டுச்சென்ற உடல். பல கல்லூரிகளில் முதல் நாளன்று மாணவர்கள் அந்த உடலுக்கு மரியாதை செலுத்தி உறுதிமொழி எடுக்கிறார்கள். அந்த உறுதிமொழியை ஆண்டு முழுவதும் காப்பாற்றுங்கள்: படம் எடுக்காதீர்கள், வேடிக்கைப் பேச்சு பேசாதீர்கள், அறுத்த பகுதிகளை ஈரத்துணியால் மூடிவிட்டுச் செல்லுங்கள். உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் நெடியால் முதல் சில நாள்களில் கண் எரியும், சிலருக்குக் குமட்டும். காலையில் வெறும் வயிற்றோடு போகாமல் ஏதேனும் சாப்பிட்டுவிட்டுச் செல்வதும், தலைசுற்றல் வந்தால் வெட்கப்படாமல் வெளியே வந்து சற்று உட்கார்வதும் போதும். இரண்டு வாரங்களில் பழகிவிடும்.

ஒரு மேசையைச் சுற்றி பலர் நிற்பார்கள். கத்தியைப் பிடிப்பவர் இருவராக இருப்பர். பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, 'படத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று திரும்பிவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. படத்தில் தமனி சிவப்பாகவும் சிரை நீலமாகவும் நரம்பு மஞ்சளாகவும் இருக்கும். உடலில் எல்லாம் ஏறத்தாழ ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கும். விரலால் தொட்டு, சற்றே இழுத்து, எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தொடர்ந்து சென்றுதான் அடையாளம் காண வேண்டும். முன்னதாக அன்றைய பகுதியை ஒருமுறை வாசித்துவிட்டு, 'இன்று இந்த ஐந்து அமைப்புகளைக் கண்டுபிடித்தாக வேண்டும்' என்ற பட்டியலோடு செல்லுங்கள். கத்தி உங்கள் கைக்கு வரும் முறையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எலும்புகளைப் படிக்கும் முறைக்கு மேற்கை எலும்பான ஹியூமரஸை எடுத்துக்கொள்வோம். வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் எலும்பைக் கொடுத்தவுடன் அதை வாய்பேசாமல் உருட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உருண்டையான தலைப்பகுதி மேலேயும் உடலின் நடுக்கோட்டை நோக்கியும் இருக்கும்படி பிடியுங்கள். கீழ்முனையில் உள்ள ஆழமான பெரிய குழி பின்பக்கம் வர வேண்டும். இப்போது வலக்கை எலும்பா இடக்கை எலும்பா என்பது தெரிந்துவிடும். பெயர், பக்கம், உடலில் அது இருக்கும் நிலை, அதன் பகுதிகள், ஒட்டியிருக்கும் தசைகள், நோயாளியிடம் அதன் பயன் என்ற வரிசையில் பேசத் தொடங்குங்கள். கடைசிப் பகுதியே எல்லாவற்றையும் நினைவில் கட்டிவைக்கும் கயிறு. ஹியூமரஸை ஒட்டி மூன்று நரம்புகள் செல்கின்றன. மேற்பகுதியில், அறுவைக் கழுத்து எனப்படும் இடத்தைச் சுற்றிச் செல்வது ஆக்சிலரி நரம்பு; அங்கே எலும்பு முறிந்து அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் கையைப் பக்கவாட்டில் தூக்குவது கடினமாகும். நடுத்தண்டின் பின்புறத்துப் பள்ளத்தில் செல்வது ரேடியல் நரம்பு. அங்கே முறிந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். கீழே, உட்புற முண்டுக்குப் பின்னால் செல்வது அல்னார் நரம்பு. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் இருப்பது இதனால்தான். இந்த மூன்றையும் உங்கள் கையிலேயே தடவிப் பார்த்துப் படித்தால், ஓராண்டு கழித்து எலும்பு முறிவுப் பிரிவில் நோயாளியின் தொங்கும் மணிக்கட்டைப் பார்க்கும்போது, பள்ளமும் நரம்பும் தாமாகவே நினைவுக்கு வரும்.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் நரம்புப் பின்னலைக் கண்டு எல்லோரும் மிரள்கிறார்கள். ஐந்து வேர்கள், மூன்று தண்டுகள், ஆறு பிரிவுகள், மூன்று வடங்கள், பிறகு கிளைகள். இதை வாசித்துப் பயனில்லை. வெள்ளைத்தாளை எடுத்து வரையுங்கள். பார்க்காமல் வரைந்து, தவறிய இடத்தைத் திருத்தி, மறுநாள் மீண்டும் வரையுங்கள். ஒரு வாரத்தில் கை தானே வரையும். நுண்ணோக்கியில் பார்க்கும் திசுவியல் சில்லுகளுக்கும் கருவளர்ச்சிப் பாடத்துக்கும் இதே முறைதான்.

உடலியங்கியலும் உயிர்வேதியியலும்

உடலியங்கியலை மனப்பாடம் செய்கிறவர்கள் அந்தப் பாடத்தின் இனிமையையும் மதிப்பெண்ணையும் ஒருசேர இழக்கிறார்கள். அது 'ஏன்' என்ற கேள்வியால் ஆன பாடம். சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்று படித்தவுடன் பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 180 லிட்டர். வெளியேறும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போகிறது, எந்தக் குழாயில் எவ்வளவு திரும்ப உறிஞ்சப்படுகிறது, அதைக் கட்டுப்படுத்துவது எது என்று ஒரு கேள்வி அடுத்த கேள்விக்கு இட்டுச்செல்லும். அந்தச் சங்கிலியே பாடம். ஒவ்வொரு வரைபடத்தையும் 'இந்தக் கோடு வலப்பக்கம் நகர்ந்தால் உடலில் என்ன நடக்கும்' என்று கேட்டுப் படியுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதையும் முழங்கால் அனிச்சைச் செயலைத் தட்டிப் பார்ப்பதையும் செய்முறை வகுப்போடு விட்டுவிடாமல், விடுதித் தோழர்கள் அனைவர்மீதும் பயிற்சி செய்யுங்கள். இறுதியாண்டு வரை உங்களோடு வரப்போகும் திறன்கள் அவை.

உயிர்வேதியியலில் வளர்சிதைமாற்றச் சுழற்சிகளை ஒரே பெரிய தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள். குளுக்கோஸ், கொழுப்பு, புரதம் ஆகியவற்றின் பாதைகள் எங்கே சந்திக்கின்றன என்பது தெரிந்தால் பாதிச் சுமை இறங்கிவிடும். உண்ணாநோன்பில், உணவுக்குப் பின், இன்சுலின் இல்லாத நிலையில் இந்தப் பாதைகள் எப்படித் திரும்புகின்றன என்று கேட்டுக்கொண்டால் நீரிழிவு நோயைப் பாதி படித்தாயிற்று.

நினைவும் நேரமும்

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தம்மைத்தாமே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாள்களிலும் விரைவாக மறந்துபோகிறது என்பதையும், இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் மறதி குறைகிறது என்பதையும் காட்டினார். மருத்துவ மாணவர் இதைத் தம் கால அட்டவணையாக மாற்றிக்கொள்ள வேண்டும். இன்று நடந்த பாடத்தை இன்றிரவு புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். வார இறுதியில் ஒருமுறை, மாத இறுதியில் ஒருமுறை. திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், தெரிந்துவிட்டது போன்ற தோற்றத்தையும் தரும். மூடிய புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்து நினைவுகூர்வது கடினமாக இருக்கும். ஆனால் நிலைப்பது அதுதான். வண்ணப் பேனாக்களால் அழகான குறிப்பேடு தயாரிப்பதில் மாலை முழுவதையும் செலவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த நேரத்தில் பத்துக் கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கலாம்.

ஒரு பாடத்துக்கு ஒரே பாடநூல் போதும். சீனியர் ஒரு நூலைச் சொல்வார், இணையக் காணொளி இன்னொன்றைச் சொல்லும், அறைத்தோழர் மூன்றாவதை வாங்கி வைத்திருப்பார். கல்லூரி நூலகத்தில் புரட்டிப் பார்த்து, உங்களுக்கு விளங்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே கடைசி வரை வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் விளக்கும் காணொளிகள் இப்போது கிடைக்கின்றன. கருத்தை விளங்கிக்கொள்ள அவை நல்லவை, ஆனால் பார்த்து முடித்ததும் பாடநூலின் அந்தப் பக்கத்தைத் திறக்காவிட்டால் தேர்வுக்கு உதவாது. முதுகலை நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியில் முதலாண்டிலேயே பணத்தைக் கட்டிவிடும் பழக்கமும் பரவியிருக்கிறது. குடும்பத்தின் சேமிப்பை அதில் போட வேண்டாம். இந்த ஆண்டின் மூன்று பாடங்களை ஒழுங்காகப் படிப்பதே அந்தத் தேர்வுக்கான முதல் தயாரிப்பு.

பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய வினாத்தாள்களை எடுத்து, மணியைப் பார்த்துக்கொண்டு முழுதாக எழுதிப் பாருங்கள். அறிந்தும் நேரம் போதாமல் கடைசி வினாக்களை விட்டுவிட்டுத் தோற்பவர்கள் ஒவ்வோராண்டும் உண்டு. உள்தேர்வு மதிப்பெண்ணும் பதிவேடும் உரிய காலத்தில் நிறைவு பெறாமல் தேர்வு எழுதும் தகுதியையே இழப்பது அதைவிட வேதனையானது. பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதை வாரந்தோறும் முடித்துவிடுங்கள்.

இரண்டாம் கட்டம்: ஒரு நோய், நான்கு பாடங்கள்

இரண்டாம் கட்டத்தில் பாடங்களைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைக்காமல், ஒரே நோயை எல்லாப் பாடங்களிலும் தொடருங்கள். காசநோயை எடுத்துக்கொள்ளலாம். அதன் கிருமியை ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அமிலத்தாலும் நிறம் நீங்காத அந்தக் கிருமியைச் சளியில் சாயமேற்றிக் காண்பது நுண்ணுயிரியல். நுரையீரலில் பாலாடைக்கட்டி போன்ற அழிவும் அதைச் சுற்றிய குருணைக்கட்டியும் எப்படித் தோன்றுகின்றன என்பது நோய்க்குறியியல். ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும், ஐசோனியசிட் நரம்புகளைப் பாதிக்கும் என்பதால் பைரிடாக்சின் (வைட்டமின் பி6) சேர்க்கப்படும், எத்தாம்பியூட்டால் பார்வையைப் பாதிக்கக்கூடும் என்பவை மருந்தியல். சமூக மருத்துவத்துக்கு வந்தால் அந்தக் கதை சென்னையிலேயே நடக்கிறது: 1956இல் இங்கே தொடங்கப்பட்டு இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்கும் மையம், நோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கவைத்துத் தரும் சிகிச்சைக்கு இணையாக வீட்டிலிருந்தே பெறும் மருந்துச் சிகிச்சையும் பலனளிக்கிறது என்று நிறுவி, உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. இப்படி நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வார்டில் உள்ள ஒரு காசநோயாளியைச் சந்தித்துப் பேசிவிட்டு வந்தால் அந்தப் பக்கத்தை வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். இதேபோல் இரத்தச்சோகைக்கும் நீரிழிவுக்கும் டெங்குவுக்கும் எழுதுங்கள்.

மருந்தியலில் ஒவ்வொரு மருந்தையும் தனியாகப் படிக்கத் தொடங்கினால் கரை காண முடியாது. ஒரு தொகுதிக்கு ஒரு முன்மாதிரி மருந்தை முழுமையாகப் படித்து, மற்றவை அதிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்பதை மட்டும் சேருங்கள். பக்கவிளைவையும் செயல்முறையிலிருந்தே வருவியுங்கள்: இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் எனலாப்ரில் வறட்டு இருமலை உண்டாக்குவது, அது தடுக்கும் நொதியே இருமலைத் தூண்டும் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கும் என்பதால்தான்.

வார்டில்: தமிழ் உங்கள் பலமாகும் இடம்

முதலிரண்டு ஆண்டுகளில் தாழ்வாக உணர்ந்த தமிழ்வழி மாணவர், நோயாளியின் கட்டிலருகே வந்ததும் நிமிர்ந்து நிற்க முடியும். நோயறிதலின் பெரும்பங்கு நோயாளி சொல்லும் கதையில் இருக்கிறது. அந்தக் கதையை அவர் தம் ஊர்த் தமிழில் சொல்கிறார். 'நெஞ்சு கரிக்குது', 'மேல்மூச்சு வாங்குது', 'நீர்க்கடுப்பா இருக்கு', 'நாள் தள்ளிப்போச்சு', 'கை மதமதன்னு இருக்கு' என்பவற்றைக் கேட்டவுடன் புரிந்துகொள்வதற்கு எந்தப் பாடநூலும் உதவாது. உங்களுக்கு அது பிறந்த வீட்டுச் செல்வம்.

ஆனால் புரிந்துவிட்டது என்று நின்றுவிடாமல் மேலும் கேட்க வேண்டும். ஒருவர் 'மயக்கமா வருது' என்றால் சுற்றியுள்ளவை சுழல்வதைச் சொல்லலாம். கண் இருட்டிக்கொண்டு வருவதைச் சொல்லலாம். நினைவு தப்பி விழுந்ததைச் சொல்லலாம். வெறும் அசதியையும் சொல்லலாம். நான்கும் வெவ்வேறு நோய்களுக்கு இட்டுச்செல்லும். 'விழுந்தீர்களா, விழுந்தபோது அடிபட்டதா, எழுந்து நிற்கும்போது வருகிறதா, படுத்துப் புரளும்போது வருகிறதா' என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'கேஸ் தொந்தரவு' என்று வருகிற நடுத்தர வயதினரிடம் வலி தாடைக்கோ இடக்கைக்கோ பரவியதா, வியர்த்ததா என்று கேட்காமல் விடாதீர்கள். மாரடைப்பு பலருக்கு அந்தப் பெயரில்தான் வருகிறது. 'சுகர் உண்டா' என்றால் 'இல்லை' என்பார். மாத்திரை சாப்பிடுவதால் அளவு சரியாக இருக்கிறது, ஆகவே நோய் இல்லை என்பது அவருடைய கணக்கு. 'தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, நாட்டு மருந்து ஏதும் எடுத்தீர்களா' என்றும் கேட்டால்தான் முழுக்கதை வெளிவரும்.

கட்டிலருகே போனதும் உங்கள் பெயரைச் சொல்லி, மாணவர் என்பதையும் சொல்லி, பேசவும் பரிசோதிக்கவும் அனுமதி கேளுங்கள். ஐயா, அம்மா, பாட்டி, அக்கா என்று அவரவர்க்கு உரிய மரியாதையோடு அழையுங்கள். வறுமையான உடையைப் பார்த்து ஒருமையில் பேசுகிற பழக்கம் எந்த வார்டில் கண்ணில்பட்டாலும் அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். பெண் நோயாளிகளைப் பரிசோதிக்கும்போது செவிலியரோ பெண் உறவினரோ உடன் இருக்கட்டும். பார்த்தல், தொட்டறிதல், தட்டிப்பார்த்தல், கேட்டறிதல் என்ற வரிசையை ஒருபோதும் மாற்றாமல் பழகினால் கை அந்த ஒழுங்கிலேயே செல்லும். வயிற்றைப் பரிசோதிக்கும்போது மட்டும், தொடுவதற்கு முன்பே ஸ்டெதஸ்கோப்பை வைக்கச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு, உங்கள் யூனிட்டின் முறையைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். பார்த்த ஒவ்வொரு நோயாளிக்கும் முழு கேஸ் ஷீட் (நோயாளி விவரக் குறிப்பு) எழுதுங்கள். மாலை வகுப்புகள் இல்லாத நாள்களில் மீண்டும் வார்டுக்குப் போய், காலையில் பார்த்தவர் எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். நோய் எப்படி மாறுகிறது, மருந்து எப்போது வேலை செய்யத் தொடங்குகிறது என்பதையெல்லாம் ஒரே நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பவரே அறிவார்.

சமூக மருத்துவத்தின் பகுதியாக ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து சென்று பார்க்கும் திட்டம் இப்போது உண்டு. பலரும் இதைப் பதிவேட்டை நிரப்பும் வேலையாகக் கருதுகிறார்கள். சிற்றூர்களிலிருந்து வந்த மாணவர்களே இதை உண்மையாகச் செய்யத் தகுந்தவர்கள். குடிநீர் எங்கிருந்து வருகிறது, ஏன் மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை அந்தத் திண்ணைகளில்தான் கிடைக்கும்.

உடலையும் மனத்தையும் காப்பது

வார்டுக்குச் செல்லும் முன்பே ஹெப்பட்டைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் முடித்துவிடுங்கள். முதல் தவணைக்குப் பின் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அடுத்தவை போடப்படும். பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. திட்டு விழுமோ என்று மறைத்து வைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

ராகிங்கை யாரும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1997 முதலே அதற்கெதிரான தனிச்சட்டம் இருக்கிறது. தேசிய உதவி எண் 1800-180-5522. ஒரு தேர்வில் தோற்றுவிட்டால் உலகம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஊரே கொண்டாடி அனுப்பிவைத்த பிள்ளைக்கு அந்த பாரம் இரட்டிப்பு. துணைத்தேர்வு விரைவிலேயே நடத்தப்படும், அதில் தேறிப் பின்னாளில் சிறந்த மருத்துவர்களானவர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். தூக்கம் கெட்டு, பசி போய், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்: அறைத்தோழர், நம்பிக்கையான ஓர் ஆசிரியர், கல்லூரியின் மனநலப் பிரிவு, அல்லது எந்நேரமும் இயங்கும் அரசு மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: வாரந்தோறும் தொலைபேசியில் மதிப்பெண்ணை விசாரிப்பதற்கு முன், பிள்ளை சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேளுங்கள்.

பயிற்சி ஆண்டு

இறுதித் தேர்வில் தேறியதும், மாநில மருத்துவ மன்றத்தில் தற்காலிகப் பதிவு பெற்றுப் பயிற்சி மருத்துவராகச் சேர்வீர்கள். வெளியே 'ஹவுஸ் சர்ஜன்' என்று அழைக்கப்படும் இந்த ஓராண்டில் இரத்தம் எடுப்பது, சலைன் ஏற்றுவது, தையல் போடுவது, பிரசவம் பார்ப்பது, இறப்பை உறவினரிடம் தெரிவிப்பது ஆகியவை உங்கள் கைக்கு வரும். நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதற்காக டியூட்டியைத் தட்டிக்கழிக்கிறவர்கள், பிறகு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கும் இரவில் அதன் விலையை உணர்வார்கள். ஒவ்வொரு செய்முறையையும் முதலில் பார்த்து, பிறகு மேற்பார்வையில் செய்து, அதன் பிறகே தனியாகச் செய்யுங்கள். தெரியாதபோது முதுகலை மாணவரை எழுப்பிக் கேட்கத் தயங்க வேண்டாம். எழுதும் ஒவ்வொரு மருந்தின் அளவையும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு எடையைக் கொண்டு கணக்கிடும் அளவை, இரண்டாம் முறை சரிபாருங்கள். பயிற்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு துறையின் கையொப்பமும் முடிந்து, சான்றிதழ் கைக்கு வந்ததும், தமிழ்நாடு மருத்துவ மன்றத்தில் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் பதிவு எண் கிடைக்கும்வரை தனியாக மருந்துச்சீட்டு எழுதக் கூடாது.